பட்டியலில் மனப்பாடமாக உள்ள ஆங்கிலச் சொற்கள் பத்தியில் வரும்போது புரியாதது ஏன்?

கேள்வி: உசிலம்பட்டி மாணவி

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, மதுரையில் கணிதத்தில் பட்டம் பெற்று, இப்போது மத்திய அரசுப் பணிகளுக்காக எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சி.ஜி.எல். என்ற பட்டதாரி நிலைத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். கணக்கும் பொது அறிவும் ஓரளவு கைவசம் உள்ளன. ஆங்கிலப் பகுதிதான் மாதிரித் தேர்வுதோறும் என்னைக் கீழே தள்ளுகிறது.

பயிற்சி மையத்தில் கொடுத்த சொற்பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆங்கில அகர வரிசையில், ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்ற கணக்கில், கடினமான சொற்களாகத் தேர்ந்தெடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். தினமும் விடியற்காலையில் ஒரு பக்கம் படித்துவிடுகிறேன். தோழி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் தடையின்றிச் சொல்லவும் முடிகிறது. ஆனால் அதே சொல் ஒரு பத்திக்குள் வந்தால், தெரிந்த முகம்போல் தோன்றுகிறதே தவிர, பொருள் பிடிபடுவதில்லை. பிடிபட்டாலும் பொருந்துவதில்லை.

எடுத்துக்காட்டாக, 'சாங்ஷன்' என்ற சொல்லுக்குப் பட்டியலில் 'அனுமதி' என்று இருக்கிறது. ஆங்கில நாளிதழில் ஒரு நாட்டின்மீது 'சாங்ஷன்' விதித்த செய்தியை அந்தப் பொருளோடு படித்தால் செய்தியே தலைகீழாகிவிடுகிறது. 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' ஆகிய இரண்டுக்கும் 'சிக்கனமான' என்றே போட்டிருக்கிறார்கள். ஒருவரைப் பாராட்டும் வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னபோது, விடைகளில் இரண்டும் இருந்தன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

பட்டியலைத் தொடரலாமா, விட்டுவிடலாமா? தமிழ்ப் பொருளையே பார்க்கக் கூடாது, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று மையத்தில் சொல்கிறார்கள். அது சரியான வழிதானா? கடலளவு இருக்கும் சொற்களில் எவற்றை முதலில் கற்பது? வாரத்தில் சில நாள்கள் பேருந்தில் ஆரப்பாளையம் வந்து மதுரையில் படிக்க எனக்கு வசதி உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், மதுரை

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. 'சிக்கனமான' என்ற ஒரே பொருளை இரண்டு சொற்களுக்கும் எழுதியவர் தமிழைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் சிக்கல். தமிழ்ப் பொருள் பார்த்தது சிக்கலே அன்று. நம் மொழியில் சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வரவுக்குள் செலவு செய்து குடும்பத்தை நடத்தும் தாயைச் சிக்கனக்காரி என்போம். பணம் இருந்தும் பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்க மனமில்லாதவரைக் கஞ்சன் என்போம். 'ஃப்ரூகல்' முதலாவதைச் சேர்ந்தது, 'பார்சிமோனியஸ்' பெரும்பாலும் இரண்டாவதைச் சேர்ந்தது. பாராட்டும் வாக்கியத்தில் எது வரும் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்த வேறுபாட்டை ஆங்கில விளக்கத்தில் மூன்று வரி படித்து உணர்வதைவிடத் தமிழில் ஒரு நொடியில் உணர்ந்துவிடலாம். ஆகவே தாய்மொழியைத் தள்ளி வைக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதி நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தைத்தான் தள்ளி வைக்க வேண்டும்.

ஒரு சொல்லுக்கு நேரே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியவை மூன்று: அது பாராட்டா, பழிப்பா, இரண்டும் அற்றதா; பேச்சில் வருவதா, எழுத்தில் மட்டும் வருவதா; எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பிரித்தானிய மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த், ஒரு சொல்லை அது சேர்ந்து பழகும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று 1957இல் எழுதினார். 'சாங்ஷன்' விஷயத்தில் இது அப்படியே பொருந்துகிறது. அச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்குச் சட்டமாக உறுதிசெய்தல் என்பது கருத்து. சட்டம் ஒன்றை அனுமதிக்கவும் செய்யும், மீறினால் தண்டிக்கவும் செய்யும். அதனால் ஒரே சொல்லுக்கு இரண்டு எதிர்ப்பொருள்கள் வந்து சேர்ந்தன. வங்கியில் கடன் 'சாங்ஷன்' ஆயிற்று என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே அது ஒப்புதல். நாளிதழில் அதுவே பன்மை வடிவம் பெற்று, 'இம்போஸ்' (விதித்தல்) அல்லது 'லிஃப்ட்' (நீக்குதல்) என்ற வினையோடு வந்தால் பொருளாதாரத் தடை. எந்த வினையோடு வருகிறது என்று பார்க்கப் பழகினால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

எவற்றை முதலில் கற்பது என்ற கேள்வி மிக நல்ல கேள்வி. பட்டியல் அச்சிடுபவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதே இல்லை. இந்தத் துறையில் முன்னோடியான மைக்கேல் வெஸ்ட் நம் நாட்டில், அன்றைய வங்காளத்தின் டாக்காவில், ஆசிரியர் பணி செய்தவர். ஆங்கிலம் கற்போருக்கு இன்றியமையாத சுமார் 2,000 சொற்களை அவர் 1953இல் தொகுத்து வெளியிட்டார். அந்த 2,000 சொற்களுக்கு அப்பால், கல்வித்துறை எழுத்துகளில் பாடம் எதுவானாலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களை நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் காக்ஸ்ஹெட் சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை ஆராய்ந்து திரட்டி, 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களாக, அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகளாக, வெளியிட்டார். கல்வித்துறைப் பனுவலில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இந்த 570 குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். 'ஹென்ஸ்', 'வேரஆஸ்', 'நெவர்தலெஸ்', 'ஆல்பீயிட்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' போன்ற இணைப்புச் சொற்கள் அதில் உள்ளவை. இவற்றில் எதுவும் மிரட்டும் சொல் அன்று. ஆனால் ஒரு பத்தியின் வாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இவைதான் சொல்கின்றன. இவை தெரியாமல் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் படும் அருஞ்சொற்களை மனப்பாடம் செய்வதால்தான், சொற்கள் தெரிந்தும் பத்தி புரியாத நிலை வருகிறது என்பது என் உறுதியான கருத்து. மாணவர்களிடம் நான் பல ஆண்டுகளாகக் கண்டதும் இதையே.

அகராதி பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கான அகராதி உங்களுக்கு இப்போது பயன்படாது. கடினமான சொல்லை அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கும். கற்போருக்காகவே எழுதப்பட்ட அகராதியைப் பாருங்கள். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில் தொகுத்து, 1942இல் அங்கேயே வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட அகராதி இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் இன்றைய பதிப்பு எளிய சொற்களாலேயே விளக்கம் தருவதோடு, எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதையும் காட்டுகிறது. அதன் பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அ. சிதம்பரநாதன் செட்டியார் 1960களில் பதிப்பித்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வைத்துக்கொண்டால், ஒரு சொல்லுக்குப் பல தமிழ்ப் பொருள்கள் வரிசையாகக் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, வாக்கியத்துக்குப் பொருந்துவதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வில் செலவாகும் சில நிமிடங்கள்தான் உண்மையான படிப்பு.

பதில்: மேலூர் வாசகர்

பேராசிரியர் ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனாலும் மனப்பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டியலை மனப்பாடம் செய்வது பயனற்றது என்ற எண்ணம் இளையோரிடம் பரவி வருகிறது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்துதான் புலவர்கள் ஆனார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு சொற்பட்டியல்தானே? பன்னிரண்டு தொகுதிகளாக, தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று இனம் பிரித்து, விருத்தப்பாவில் அமைத்து வைத்தார். பதினோராம் தொகுதியான ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதியில் எதுகை முறையில் சொற்களை அடுக்கினார். ஓசை நாவில் நிற்கும், ஓசையைப் பிடித்துக்கொண்டு பொருள் வரும். உங்களுக்கு வந்திருக்கும் 'சாங்ஷன்' சிக்கல் ஒருசொல் பல்பொருள் சிக்கலே. அதற்கென்று ஒரு தொகுதியையே நம்மவர்கள் அன்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆகவே சகோதரி, மனப்பாடத்தை விடாதீர்கள். அகர வரிசையை மட்டும் விடுங்கள். அகர வரிசை தேடுவதற்கு உதவுமே தவிரக் கற்பதற்கு உதவாது. 'ப்ரிஸ்க்ரைப்', 'ப்ரோஸ்க்ரைப்' என்று ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் அடுத்தடுத்து நின்று, மருந்து எழுதிக் கொடுப்பது எது, தடை செய்வது எது என்று குழப்பும். நிகண்டு செய்ததுபோல் பொருள்வாரியாகப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தைக் குறிக்கும் சொற்கள் ஒரு பக்கம், பேராசையைக் குறிப்பவை ஒரு பக்கம் என்று வரட்டும்.

பதில்: மத்திய அரசு ஊழியர், மதுரை

தங்கைக்கு வணக்கம். நானும் தமிழ் வழியில் படித்து, இதே தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன் என்பதால் தேர்வுக் கண்ணோட்டத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். முதல் நிலைத் தேர்வில் 60 நிமிடங்களுக்கு 100 வினாக்கள். அவற்றுள் ஆங்கிலம் 25. ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு. ஆங்கிலத்தின் பங்கு இதோடு முடிந்துவிடுவதில்லை. சி.ஜி.எல். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், நம் பிள்ளைகள் கணக்கையும் ஆங்கிலத்திலேயே படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பேராசிரியர் ஐயா சொன்ன இணைப்புச் சொற்கள் அங்கேயும் கைகொடுக்கும்.

'ஒரு தொடருக்கு ஒரு சொல்' என்ற வகை வினாக்களுக்கு வேர்ச்சொல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மாட்டுத்தாவணியில் ஆம்னி பேருந்து நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இலத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் எல்லோருக்குமானது என்று பொருள். அதன் பின்பகுதி மட்டும் பிரிந்துதான் 'பஸ்' ஆயிற்று. இதைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் வல்லவருக்கு 'ஆம்னிபொடன்ட்', எல்லாம் அறிந்தவருக்கு 'ஆம்னிசியன்ட்', தாவரமும் மாமிசமும் உண்ணும் உயிருக்கு 'ஆம்னிவோரஸ்' என்று ஒரு கொத்தாக வந்துவிடும். அதேபோல், உங்கள் ஊர்ப்பக்கம் பருத்திக்கு அடிக்கும் 'பெஸ்டிசைடு' டப்பாவில் உள்ள 'சைடு' கொல்லுதலைக் குறிப்பது. அரசனைக் கொல்வது 'ரெஜிசைடு', உடன்பிறந்தவனைக் கொல்வது 'ஃபிராட்ரிசைடு', ஓர் இனத்தையே அழிப்பது 'ஜெனோசைடு'. இவை யாவும் எஸ்.எஸ்.சி. விரும்பிக் கேட்கும் வகையைச் சேர்ந்தவை. ஆனால் வேர்ச்சொல்லையே முழுக்க நம்பிவிட வேண்டாம். பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறம் 'இன்ஃபிளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருப்பார்கள். 'இன்' என்பது எதிர்மறை முன்னொட்டு என்று மட்டும் படித்தவர், தீப்பற்றாதது என்று பொருள் கொள்வார். அங்கே அது எதிர்மறை அன்று. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே பொருள். வேர்ச்சொல்லால் ஊகித்த பொருளை வாக்கியத்தில் வைத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் பயன்பட்ட முறையைச் சொல்கிறேன். மதுரையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டதிலிருந்து, அங்கே நடக்கும் வழக்குகள் நம் ஊர்ப் பதிப்புகளில் அடிக்கடி செய்தியாக வருகின்றன. நூலகத்தில் உட்கார்ந்து அன்றைய தமிழ் நாளிதழில் ஒரு வழக்குச் செய்தியை முதலில் படியுங்கள். யார் வழக்கு தொடர்ந்தார், எதற்காக, நீதிபதி என்ன சொன்னார் என்பது முழுதாக மனத்தில் ஏறிய பிறகு, அதே வழக்கை 'தி இந்து' ஆங்கில நாளிதழின் மதுரைப் பதிப்பில் தேடிப் படியுங்கள். 'தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த' என்று தமிழில் படித்தது அங்கே 'சுவோ மோட்டு' என்று இருக்கும். ஒத்திவைத்தது 'அட்ஜர்ன்' என்றும், முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது 'குவாஷ்' என்றும், கீழமை நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது 'அப்ஹோல்ட்' என்றும் வரும். நிகழ்வு ஏற்கெனவே தெரியும் என்பதால், தெரியாத சொல் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடமே பொருளைச் சொல்லிவிடும். அகராதியைத் திறப்பது சரிபார்ப்பதற்காக மட்டுமே.

ஒரே விவகாரத்தைத் தொடர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஜல்லிக்கட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னையிலும் மக்கள் திரண்டது, தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது என அத்தனையும் நம் வீட்டுத் திண்ணையில் பேசி முடித்த செய்திகள். இந்தக் காலகட்டத்து ஆங்கிலக் கட்டுரைகளை இணையத்தில் எடுத்து வரிசையாகப் படித்தால் 'ப்ரொஹிபிட்', 'ஆர்டினன்ஸ்', 'அமெண்ட்மென்ட்', 'குரூயல்ட்டி', 'வேலிடிட்டி', 'அப்ஹெல்ட்' ஆகியவை கட்டுரைக்குக் கட்டுரை திரும்ப வரும். தனியாக மனப்பாடம் செய்யாமலேயே அவை பதிந்துவிடும்.

இடம் கேட்டிருந்தீர்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆரப்பாளையத்தில் இறங்கினால் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகம் அதைவிட அருகில். நாளிதழ் படிப்பதற்கு அதுவே போதும். காலையிலேயே சென்றுவிட்டால் இரண்டு மொழி நாளிதழ்களும் பிறர் கைக்குப் போகும் முன் கிடைக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், மதுரை

தம்பி சொன்ன நீதிமன்றச் செய்தி முறையை முழு மனத்தோடு வழிமொழிகிறேன். மேலூர் அன்பர் நிகண்டை நினைவூட்டியதற்கு நன்றி. அகர வரிசை கற்பதற்கு உதவாது என்பதிலும் அவரோடு உடன்படுகிறேன். ஆனால் புதிய சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துப் படிக்கச் சொன்னதில் மட்டும் மாறுபட வேண்டியிருக்கிறது. நிகண்டு படித்த மாணவன் தமிழைத் தாய்மொழியாகப் பேசியவன். யானை எது, வேழம் எது என்று அவன் மயங்க வழியில்லை, ஏனெனில் யானையை அவன் அறிவான். அவனுக்குப் பெயர்கள் மட்டும் கூடுதலாகக் கிடைத்தன. பிறமொழியில் அறவே அறிமுகமில்லாத சொற்களை ஒரே பொருளின் கீழ் ஒரே நாளில் படித்தால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் 1990களில் செய்த சோதனைகளில், பொருளால் இனப்பட்ட புதிய சொற்களைச் சேர்த்துக் கற்றவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிடத் தாமதமாகவே கற்றார்கள் என்று தெரிய வந்தது. ஒரே நிகழ்ச்சியில் சேர்ந்து வரும் சொற்களைக் கற்பதோ எளிதாக இருந்தது. வழக்கு, வாதி, ஒத்திவைப்பு, தீர்ப்பு என்பவை அப்படிப்பட்டவை. தம்பி கூறிய முறை பலிப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே கோபத்தைக் குறிக்கும் சொற்களை ஒரே நாளில் ஒரு பக்கத்தில் எழுதிப் படிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனக்குரிய வாக்கியத்தோடு மனத்தில் நின்ற பிறகு, அவற்றை அருகருகே வைத்து வேறுபாட்டை ஆராயுங்கள். அந்த இரண்டாம் கட்டத்தில் நிகண்டு முறைக்கு இணையான ஒன்று இல்லை; எஸ்.எஸ்.சி.யின் ஒத்தபொருள் வினாக்களுக்கும் அதுவே ஆயத்தம்.

மனப்பாடம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1885இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து காட்டினார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நீள்கிறது. இந்தக் கண்டுபிடிப்பை யாரும் வீட்டில் செய்யக்கூடிய முறையாக மாற்றியவர் செபாஸ்டியன் லைட்னர். 1970களின் தொடக்கத்தில் வந்த முறை அது. ஓர் அட்டைப்பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ள வேண்டும். புதிய சொல் எழுதிய அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாக நினைவுகூர்ந்தால் அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், அடுத்தடுத்த அறைகளை வர வர நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும். கைப்பேசியில் இதையே செய்யும் 'அன்கி' என்ற செயலி ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கிறது. இருப்பினும் கையால் எழுதும் அட்டையையே நான் பரிந்துரைப்பேன். அதற்குக் கடையில் காசு கொடுத்து அட்டை வாங்க வேண்டியதில்லை. வீட்டில் சேரும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் வெறுமையாக, நல்ல கனத்தோடு இருக்கும். நான்காக வெட்டினால் அளவு சரியாக வரும்.

அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல்லை எழுதிப் பின்பக்கம் பொருளை எழுதுவதுதான் வழக்கம். அதை மாற்றுங்கள். முன்பக்கம் நீங்கள் படித்த செய்தியிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்து, சொல்லின் இடத்தில் கோடிட்டு, கோட்டின் தொடக்கத்தில் முதல் எழுத்தை மட்டும் வையுங்கள். பின்பக்கம் அந்தச் சொல், ஒரு தொடராகத் தமிழ்ப் பொருள், சேர்ந்து வரும் சொற்கள் இரண்டு, பாராட்டா பழிப்பா என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். 'குவாஷ்' அட்டையின் பின்பக்கம் 'ரத்து' என்று மட்டும் எழுதினால், பேருந்தை ரத்து செய்ததற்கும் அதையே பயன்படுத்துவீர்கள். 'மேல்நிலை நீதிமன்றம் ஓர் ஆணையையோ வழக்கையோ செல்லாததாக்குதல்' என்று எழுதினால் அந்தத் தவறு நேராது. பார்த்துப் பார்த்துப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க முயல்வதே நீண்ட நாள் நிற்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. கோடிட்ட வாக்கியம் உங்களை அப்படி முயலச் செய்யும்.

மறுமொழி: உசிலம்பட்டி மாணவி

பேராசிரியர் ஐயாவுக்கும், மேலூர் ஐயாவுக்கும், அண்ணனுக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று சிம்மக்கல் நூலகத்துக்குச் சென்று, மணல் குவாரி தொடர்பான ஒரு வழக்கைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துப் பார்த்தேன். 'இல்லிசிட்', 'ஸ்டே', 'கம்ப்ளை' ஆகிய மூன்றையும் அகராதி பார்க்கும் முன்பே ஊகிக்க முடிந்தது. பட்டியலை அகர வரிசையில் படிப்பதை நிறுத்திவிட்டு, நாளிதழில் ஒரு சொல்லைச் சந்தித்த பிறகு பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்து அடையாளம் இடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். சொல்லை மௌனமாகப் படிக்கும்போது அதன் ஒலி மனத்தில் சரியாக வருவதில்லை. அதனாலேயே சில சொற்கள் நிற்பதில்லை. அட்டையில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: திருமங்கலம் ஆசிரியை

உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. ஒலி தெரியாத சொல் நினைவில் தங்க இடமின்றித் தவிக்கும். பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். முழு உச்சரிப்பையும் தமிழ் எழுத்தில் எழுத வேண்டாம் அம்மா. நம் பகரம் ஒன்றே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் நிற்பதால், 'பேல்' என்று எழுதியது வாளியா, ஜாமீனா என்று பிறகு உங்களுக்கே தெரியாது. கற்போர் அகராதியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிப்பதிவு இருக்கிறது. அதைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லி, அழுத்தம் விழும் அசையின் கீழ் மட்டும் அட்டையில் ஒரு கோடு போடுங்கள். தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காதுக்கு இது பழக்கமில்லாதது. ஆங்கிலத்தில் 'ரெக்கார்டு', 'கான்ட்ராக்ட்' போன்றவை பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுகின்றன.

எழுத்தைப் பார்த்து ஊகிக்கவே முடியாத சில சொற்களுக்கு மட்டும் தமிழில் குறித்துக்கொள்வதில் தவறில்லை. ஒன்றின் முழு உருவமாக விளங்குவதைக் குறிக்கும் சொல் 'எபிடோம்' அன்று, 'எபிட்டமி'. மிகைப்படுத்திக் கூறுவது 'ஹைப்பர்போல்' அன்று, 'ஹைப்பர்பலி'. நுட்பமான என்ற பொருள் தருவது 'சட்டில்'. நடுவில் எழுதும் 'பி' (b) என்ற எழுத்து ஒலிப்பதே இல்லை. பேராசிரியர் ஐயா குறிப்பிட்ட 'ஆல்பீயிட்' என்பதை 'ஆல்பைட்' என்று படிக்கும் மாணவர்களைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். 'ஆல்', 'பி', 'இட்' என்ற மூன்று சிறு சொற்கள் ஒட்டி உருவானது அது என்று சொல்லிக்கொடுத்தால், உச்சரிப்பும் 'அப்படியே இருந்தாலும்' என்ற பொருளும் சேர்ந்தே பதிந்துவிடுகின்றன.

பேருந்தில் உசிலம்பட்டி திரும்பும் வழியில் அன்றைய அட்டைகளை எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லாமல் உதட்டசைவோடு சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் அதே செய்தியை ஒருமுறை உரக்க வாசியுங்கள். தடுமாறும் சொல்லின் அட்டையை மட்டும் மறுநாள் முதல் அறையில் போட்டால் போதும்.